மருமக்கள் இருமுறை: அஞ்சுவண்ணச் செப்பேடும் ‘யூதர் யார்’ வழக்கும்

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலருக்கு, அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வணிகக் குழு ஒன்று இருந்தது தெரியாது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்பது அவர்கள் பெயர். உறையூருக்கும் ஒரு மணிக்கிராமம் உண்டு. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் விடுகிறது. ஹெர்மன் குண்டர்ட்டின் வாதத்தில் பாதி சரிய இவ்வளவே போதும்.

மலையாள அகராதி தந்த குண்டர்ட் (எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய்வழிப் பாட்டனார்) 1844இல் கேரளச் செப்பேடுகளை மொழிபெயர்த்தபோது, மணிக்கிராமத்தைக் கிறித்தவச் சிற்றரசாகவும் அஞ்சுவண்ணத்தை யூதச் சிற்றரசாகவும் கொண்டார். இரவி கொர்த்தனுக்கு மணிக்கிராமம் அளித்த வீரராகவன் பட்டயத்துக்கு அவர் குறித்த ஆண்டு 774. பின்வந்தோர் அதை 1225 என்றும் 1320 என்றும் கணித்தார்கள். சோழநாட்டுச் சான்றுகள் வெளிவந்தபின் மணிக்கிராமம் வணிகக் குழு என்பது ஐயமின்றி நிலைபெற்றது. அஞ்சுவண்ணத்தை மட்டும் ஏனோ யூதரிடமே விட்டுவைத்தார்கள்.

காரணம் ஒரே செப்பேடு. ஏறத்தாழ 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டிலிருந்து இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகனுக்கு வழங்கியது. (2ஆம் ஆண்டுக்கு எதிராம் 36ஆம் ஆண்டு என்கிறது ஏடு. அதை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; ‘ஏறத்தாழ’வை நான் விடப்போவதில்லை.) பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம் என்று வரிசையாக உரிமைகள், மொத்தம் எழுபத்திரண்டு வீடுபேறு. அந்தப் பட்டியலின் தலையில் நிற்பது அஞ்சுவண்ணம்.

பல்லக்கையும் குடையையும் ஒருவனுக்குக் கொடுக்கலாம். அவனுடைய சமயத்தை அவனுக்கே ஒரு மன்னன் எப்படிக் கொடுப்பான்? ‘அஞ்சுவண்ணப் பேறு’ என்ற தொடரும் அதே வரிசையில் வருகிறது. பேறு என்றால் வருவாய். ஆக, இரப்பானுக்குக் கிடைத்தது ஒரு குழுவின் தலைமையும் அதன் வரும்படியும். அவன் யூதன் என்பதால் குழு முழுவதும் யூதர் ஆகிவிடாது. பல்சந்தமாலை என்ற பழைய தமிழ் நூலில் அஞ்சுவண்ணத்தார் முஸ்லிம்கள். தோப்பில் முஹம்மது மீரான் நாவலுக்குப் பெயரான ‘அஞ்சுவண்ணம் தெரு’வும் முஸ்லிம் தெருதான். ‘அஞ்சுமன்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதை ஏற்கலாம் என்று தோன்றுகிறது, அறுதியாகச் சொல்லமாட்டேன்.

என்னை அதிகம் நிறுத்தியது ஏட்டின் வாரிசுப் பகுதி. இரப்பானுக்குப் பின் உரிமை பெறுவோர்: ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள், பெண்மக்களைக் கொண்ட மருமக்கள். மருமக்கள் ஏன் இரண்டு முறை? புதுக்கோட்டைப் பக்கம் இதற்கு விளக்கம் தேவைப்படாது. உடன்பிறந்தாள் மகனும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன். பல வீடுகளில் இருவரும் ஒரே ஆள். ஒரே ஆளாக இல்லாத குடும்பத்துக்காகத்தான் எழுதியவர் இரண்டாவதற்கு ஓர் அடைமொழி போட்டிருக்கிறார். முதல் மருமக்கள் மலைநாட்டு மருமக்கள்தாய வாய்பாட்டின் எதிரொலியாகலாம். அதைக் கொண்டு இரப்பான் வீட்டில் தாய்வழி முறை இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் உறவு ரத்தத்தோடு நிற்கவில்லை, கல்யாணத்தின் வழியும் உரிமை போனது என்பது தெளிவு.

2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது நெதன்யாகுவுக்குக் கொடுத்த பரிசுகளில் இந்தச் செப்பேட்டின் நகலும் இருந்தது. தொன்மையான யூத வாழ்வின் சான்றாக அது கைமாறியது, குண்டர்ட் சிரித்திருப்பார். அந்த நாட்டில் யூதர் யார் என்ற வழக்கோ இன்னும் ஓயவில்லை. 1950இன் திரும்புதல் சட்டம் 1970இல் திருத்தப்பட்டு, யூதரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அவர்களுடைய துணைவருக்கும் இடம் தந்தது. பேரப்பிள்ளைப் பிரிவை நீக்கச் சமயக் கட்சிகள் இன்றும் கேட்கின்றன. மகாராஷ்டிரத்து பெனே இஸ்ரேலியர் அங்கே போய், தங்கள் திருமணங்களைத் தலைமை ரபிகள் ஐயமின்றி ஏற்கவேண்டும் என்று 1964 வரை போராடவேண்டியிருந்தது. கொச்சியிலோ, பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தில், விடுதலைபெற்ற அடிமைகளின் வழிவந்த யூதருக்குச் சம இடம் கிடைக்க, அந்த மரபினரான ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் இருந்தார். இரப்பானின் வாரிசு நாங்களே என்று ‘வெள்ளை’ யூதர் எனப்பட்ட பரதேசிகளும் கறுப்பு யூதரும் சொல்லிக்கொண்டார்கள். இரு தரப்பும் காட்டிய ஏட்டில் நிறப் பேச்சே கிடையாது.

எங்கள் புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குத் தெற்கே, மீமிசலைக் கடந்தால் தீர்த்தாண்டதானம். 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே அஞ்சுவண்ணத்தாரை மணிக்கிராமத்தாரோடும் தென்னிலங்கை வலஞ்சியரோடும் கைக்கோளரோடும் சிவன் கோயிலில் கூட்டி உட்காரவைக்கிறது. கோயில் திருப்பணிக்காகச் சரக்குகளின்மேல் ஒரு மகமை வைக்க ஒப்புகிறார்கள். அவர்கள் எந்தத் திசை நோக்கித் தொழுதார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை.