ஆலங்காட்டுச் சர்க்கரை ஆலையும் வேலையிழப்புப் படியும்

பழையனூரின் வரி வருவாய் திருவாலங்காட்டு இறைவனுக்கு உரியதானதை முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் பதிந்துள்ளன. ஒரு வருவாயை ஒரே நோக்கத்துக்கென ஒதுக்கும் அவ்வழக்கத்தைத் தொலைவிலிருந்து நினைவூட்டுவது, 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். முதலாளியும் தொழிலாளியும் ஊதியத்தில் குறித்த விழுக்காட்டைச் செலுத்த, அப்பங்களிப்பு பொதுக் கருவூலத்தில் கலவாமல் தனி நிதியாகி, நோய், மகப்பேறு, பணிக்காயம் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. வேலையிழப்போ 2005 ஏப்ரல் 1 வரை காத்திருந்தது. அன்று தொடங்கிய ராஜீவ் காந்தி திட்டம், ஆலைமூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்தவருக்கு ஊதியத்தில் பாதியைப் படியாக அளித்தது, அதற்கெனப் புதிய பிடித்தம் எதுவும் விதிக்கப்படவில்லை. 2019 ஜூலையில் முதலாளியின் பங்கு 4.75 விழுக்காட்டிலிருந்து 3.25 ஆகவும், தொழிலாளியின் பங்கு 1.75இலிருந்து 0.75 ஆகவும் குறைந்தன.

எனினும் திருவாலங்காட்டில் இயங்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பொறுத்தவரை, கரும்பு அரைவைப் பருவத்தில் மட்டும் ஓடும் சர்க்கரை உற்பத்தியை அச்சட்டம் ‘பருவகாலத் தொழிற்சாலை’ என வகுத்துத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. ஆண்டுதோறும் வேலையின்மையை முன்னறிந்தே எதிர்கொள்வோரை விலக்கிய அவ்வரையறை, சட்டத்தின் மிகப் பெரிய குறை என்றே கருதத்தக்கது.