சில்பிளெயின் – சொல் வரலாறு

சில்பிளெயின் என்பது ஈரக்குளிரால் கை, கால் விரல்களிலும் காது, மூக்கு நுனியிலும் தோன்றும் அரிப்புள்ள சிவந்த வீக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். இது 16ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் காணப்படுகிறது.

இது இரு சொற்களின் கூட்டு. 'சில்' என்பது குளிர். 'பிளெயின்' என்பது கொப்புளம் அல்லது புண். பின்னது பழைய ஆங்கிலக் காலத்திலேயே வழங்கிய சொல். டச்சு மொழியிலும் இதன் இனச்சொல் உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், எகிப்தியரைத் தாக்கிய ஆறாம் வாதையின் கொப்புளங்கள் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன.

குதிகாலில் வரும் இவ்வகைப் புண்ணுக்குக் 'கைப்' என்ற வேறொரு பெயரும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் அது வருகிறது. இன்று அது வழக்கொழிந்துவிட்டது. மருத்துவர்கள் 'பெர்னியோ' என்னும் இலத்தீன் பெயரையும் பயன்படுத்துகின்றனர்.

சில்பிளெயினைப் பனிக்கடியுடன் குழப்பக்கூடாது. பனிக்கடியில் தசை உறைந்து அழியலாம். சில்பிளெயினில் எதுவும் உறைவதில்லை. உறைநிலைக்கு மேலான குளிரிலேயே இது தோன்றும். குளிர்ந்த விரல்களை நெருப்பருகே சட்டென்று சூடாக்கினால் இது மோசமாகும். கணப்பை மட்டுமே நம்பியிருந்த பழைய இங்கிலாந்து வீடுகளில் இது மிகச் சாதாரணமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

'பிளெயின்' தனிச்சொல்லாக இன்று அரிதாகவே வழங்குகிறது. இக்கூட்டுச்சொல்லில்தான் அது நிலைத்திருக்கிறது.