குளக்கட்டும் பள்ளிக்கூடமும்

வன்னி நாட்டின் ஊர்ப் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பார்த்தால், அவற்றுள் பல குளம் என்ற சொல்லோடு முடிவதைக் காணலாம். வேப்பங்குளம், பண்டாரிகுளம், செட்டிகுளம் என நீளும் அவ்வரிசையில் நெளுக்குளமும் ஒன்று. வவுனியா நகருக்கு மேற்கே, மன்னார் வீதியை அண்டி அமைந்தது இவ்வூர். ஆறுகள் வற்றிப்போகும் வறண்ட நிலத்தில், குளம் இருந்த இடத்தில்தான் குடி இருந்தது. குளம் உடைந்தால் குடியும் கலைந்தது. இதனை நன்கு உணர்ந்திருந்த நம் முன்னோர், மாரி தொடங்குமுன் குளக்கட்டைச் செப்பனிடுவதைத் தங்கள் பொதுக் கடமையாகக் கொண்டிருந்தனர். வயலின் அளவுக்கேற்ப ஒவ்வொரு குடும்பமும் மண் வெட்டிப் போட்டது. துருசைத் திறப்பதும் நீரைப் பங்கிடுவதும் ஊராரின் உடன்பாட்டினால் நடந்தன.

இவ்வொழுங்கு ஒரு காலத்தில் குலைந்ததை இலங்கை வரலாறு கூறுகிறது. 1832ஆம் ஆண்டு, கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி, இராசகாரியம் எனும் கட்டாய ஊழிய முறை ஒழிக்கப்பட்டது. அடிமைத்தனத்தின் சாயல் படிந்த அம்முறை ஒழிந்தது நன்றே. ஆயினும் அதனோடு குளங்களைப் பராமரிக்கும் கூட்டு ஊழியமும் தளர்ந்தது. பழைய கடமை போயிற்று. அதனிடத்தில் புதிய கடமை எதுவும் வரவில்லை. குளங்கள் தூர்ந்தன. இக்கேட்டினைக் கண்ட தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் காலத்து அரசாங்கம், 1856ஆம் ஆண்டில் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டத்தை இயற்றி, ஊரார் கூடி முடிவு செய்யும் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. நல்ல சீர்திருத்தமும், அது நீக்கிய இடத்தை நிரப்ப மக்கள் முன்வராவிட்டால், ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்லும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். இப்பாடம் குளத்துக்கு மட்டும் உரியதன்று; பள்ளிக்கூடத்துக்கும் உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கைப் பாடசாலைகளுட் பல நன்கொடை முறையிலே நடந்தன. ஒரு சமய சபையோ சங்கமோ முதலில் நிலம் தேடிக் கட்டடம் எழுப்பி, பிள்ளைகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே ஆசிரியர் சம்பளத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். செல்வமும் சனத்தொகையும் மிக்க ஊர்களுக்கு இம்முறை உதவிற்று. குடிகள் சிதறிக் கிடந்த வன்னிக்கோ அது பெருந் தடையாயிற்று. 1895ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் காட்டும் வன்னி, காடும் சிறு குளங்களும் காய்ச்சலும் நிறைந்தது. அத்தகைய ஊரில் முதற் கட்டடத்தை எழுப்ப யாரால் முடியும்?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் சு. இராசரத்தினம் அவர்கள். 1923ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கியமையால், "இந்து போட் இராசரத்தினம்" என்றே மக்கள் அவரை அழைத்தனர். வழக்கறிஞராய்ப் பெற்ற வாழ்வின் வசதிகளை ஒதுக்கிவிட்டு, வசதியற்ற கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் தோன்ற அவர் உழைத்தார். ஊரார் நிலமும் மரமும் உடலுழைப்பும் தந்தனர். ஓலைக் கொட்டிலிற் பள்ளி தொடங்கிற்று. ஓலை கிழிந்தால் அதனை வேய்வதும் ஊராரின் பொறுப்பே.

இதற்கிடையிலே நாட்டின் கல்வியில் ஒரு பெரும் புரட்சி நிகழ்ந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் அமைந்த விசேட குழு 1943ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதுவரை தாய்மொழிப் பாடசாலை ஏழைக்கும், கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பாடசாலை செல்வர்க்கும் என்று கல்வி இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. அப்பிளவைத் தகர்க்கும் நோக்குடன் நாட்டுப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. பின்னர் 1960ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் சட்டத்தாலும் நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை வித்தியாதிபதியின் முகாமையின்கீழ் வந்தன. அவற்றின் சொத்தும் அரசுக்கு உரியதாயிற்று.

இம்மாற்றத்தால் ஏழை ஊர்களுக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆசிரியர் சம்பளம் நிச்சயமாயிற்று. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும், 1990களில் சீருடைத் துணியும் இலவசமாயின. ஆயினும் இராசகாரியம் ஒழிந்தபோது நேர்ந்தது போன்ற ஒன்று இங்கும் நேர்ந்தது. "எங்கள் பள்ளிக்கூடம்" என்று வழங்கிய வாயே "அரசாங்கப் பள்ளிக்கூடம்" என்று வழங்கத் தொடங்கிற்று. கூரை ஒழுகினால் மனு எழுதுவோர் உண்டு. ஏணி கொண்டு வருவோர் அருகினர்.

நெளுக்குளம் போன்ற நகர்ப்புற எல்லை ஊர்களுக்கு இது ஏன் முக்கியமாகிறது என்பதை உணர, அங்கு மக்கள் வந்து சேர்ந்த விதத்தை நோக்க வேண்டும். 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வவுனியாவில் அடைக்கலம் தேடின. கட்டடக் கலைஞர் சோ. அ. டேவிட் அவர்களும் மருத்துவர் சோ. இராசசுந்தரம் அவர்களும் நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களுக்குக் குடியிருப்புகளை அமைத்தது. நிலத்தைத் திருத்தும்போதே, சிறுவர்க்குப் பாலர் பாடசாலையும் ஒரு குவளைப் பாலும் வேண்டும் என அவ்வியக்கம் கருதியது. அக்குடியிருப்புகளுக்கு வேண்டிய இளம் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றியது. 1983ஆம் ஆண்டு ஏப்பிரலில் இருவரும் கைதாயினர்; அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். இயக்கம் நசுங்கியது. எனினும், வந்தேறிய ஏழைக்கு வீட்டோடு பள்ளியும் வேண்டும் என்று அது காட்டிய வழி மறைந்துவிடவில்லை.

அதன் பின்னரும் மக்கள் வந்தவண்ணமே இருந்தனர். 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து இடப்பெயர்வும், 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரும் வவுனியாவை அகதிகளின் வாயிலாக்கின. 2009இல் வவுனியாப் பாடசாலைகள் பல முகாம்களாயின. வகுப்பறையில் குடும்பங்கள் உறங்கின. மாணவர் மரநிழலையும் மாற்றுக் கட்டடங்களையும் நாடினர். பாடசாலை என்பது ஓர் ஊரின் கடைசிப் புகலிடமும் ஆகும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

நெளுக்குளத்தில் கலைமகள் மகா வித்தியாலயம் இருக்கின்றது. இத்தகைய பாடசாலைகளின் நிலையை அறிய, அரசாங்கத்தின் தரப்பாகுபாட்டை அறிதல் வேண்டும். விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளிலும் உயர்தர வகுப்பு உள்ளவை 1 ஏ.பி. வகை. கலை, வர்த்தகம் ஆகியவற்றில் மட்டும் உயர்தரம் உள்ளவை 1 சி வகை. பதினோராம் ஆண்டோடு நிற்பவை இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை மூன்றாம் வகை. நாட்கூலியை நம்பி வாழும் தகப்பனுக்கு இப்பாகுபாடு வெறும் எழுத்தன்று. தன் மகள் விஞ்ஞானம் படிக்க விரும்பி, ஊர்ப் பள்ளியில் அவ்வகுப்பு இல்லையாயின், நாள்தோறும் பஸ் கட்டணம் கொடுத்து நகரத்துக்கு அனுப்ப வேண்டும். மாலை வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைக்குத் துணையும் வேண்டும். இலவசக் கல்வியின் வாசலில் இவ்வாறு ஒரு மறைமுகக் கட்டணம் நிற்கின்றது. மன்னார் வீதியிலேயே பம்பைமடுவில் இருக்கும் வளாகம், 2021ஆம் ஆண்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பல்கலைக்கழகம் அயலிலே வந்துவிட்டது. அதற்குப் போகும் படிக்கட்டு ஊர்ப் பள்ளியிலே முழுமையாக இருக்கின்றதா என்பதே வினா.

கடலுக்கு அப்பாலும் இவ்வினா எழுந்ததுண்டு. தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு பள்ளிப் பகலுணவு தொடங்கியது. செலவின் ஒரு பகுதியை ஊரார் ஏற்றனர். 1958ஆம் ஆண்டு முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூடின. தம் ஊர்ப் பள்ளிக்கு எது குறை என்று ஊராரே பட்டியலிட்டனர். நிலமும் மேசையும் கரும்பலகையும் ஊராரே தந்தனர். அரசாங்கம் தன் கடமையைக் கைவிடவில்லை. மக்களும் தம் உரிமையைக் கைவிடவில்லை. இவ்விரண்டும் சேர்ந்தமையே அம்முயற்சியின் வலிமை.

வறியவர் மீது மேலும் சுமை ஏற்றுவது நீதியாகுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசிரியரை நியமித்தலும் ஆய்வுகூடம் அமைத்தலும் அரசாங்கத்தின் கடன். அக்கடனை ஏழையின் மடியில் இறக்கலாகாது. ஆனால், பழைய குளவேலையில் வயல் பெரிதாயின் பங்கும் பெரிது. அவ்விதியே இங்கும் பொருந்தும். அப்பள்ளியிற் படித்து உத்தியோகம் பெற்றவரும் கடல் கடந்து சென்றவரும் பெரும் பங்கைத் தருதல் முறை. ஊரில் இருப்பவர் பிள்ளையை ஒழுங்காக அனுப்பி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்து, கணக்கைக் கேட்டு, சிரமதானத்துக்கு ஒரு நாள் தந்தால் அதுவே அவர்களின் பங்கு. மாலையில் ஒரு விளக்கின்கீழ் நாலு பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணிதம் சொல்லிக் கொடுப்பதும் மண்வெட்டி பிடிப்பதற்கு நிகரே.

வன்னியின் கமக்காரன், வானம் மழையைத் தரும் என்று சும்மா இருந்ததில்லை. மழை வருமுன் கட்டைச் செப்பனிட்டு வைத்தான். அரசாங்கம் தரும் இலவசக் கல்வி மழை போன்றது. அதனைத் தேக்கி வைக்கும் கட்டு ஊராரின் கையில் இருக்கின்றது.