நந்தகுமார் சேகர்: வியாசர்பாடி விங்கர்

நந்தகுமார் சேகர் சென்னையைச் சேர்ந்த கால்பந்து வீரர். 1995 டிசம்பர் 20 அன்று பிறந்தவர். ஆடுவது விங்கில், அதாவது பக்கக் கோட்டை ஒட்டி. சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா எஃப்.சி., ஈஸ்ட் பெங்கால் ஆகிய கழகங்களின் சட்டையை அணிந்தவர். 2023இல் இந்திய அணிக்கும் ஆடினார். 2023, 2024 என அடுத்தடுத்த ஆண்டுகளில் வெவ்வேறு கழகங்களோடு சூப்பர் கோப்பையை வென்றார். இரண்டாவது கோப்பைக்காக அவர் தோற்கடித்தது, முதல் கோப்பையை எந்த அணியோடு வென்றாரோ அந்த அணியைத்தான். லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கோல்களின் எண்ணிக்கை மலைக்க வைப்பதல்ல. தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய கோப்பை ஆட்டங்களில் அடித்தவைதான் அவர் பெயரைச் சொல்ல வைக்கின்றன.

அவருடைய ஊர் வடசென்னையின் வியாசர்பாடி. மாத்தூர், மணலி பக்கமிருந்து மூலக்கடை வழியாக நகருக்குள் வருகிறவர்கள் தாண்டிப்போகும் பகுதி. ஒரு பக்கம் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் பெரம்பூரின் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எப்போதோ சங்கு ஊதி நின்றுபோன பின்னி மில் என்று உழைப்பாளிக் குடும்பங்கள் அடர்ந்த வட்டாரம் இது. தமிழ் சினிமா வடசென்னைக்குக் கேரம் பலகையையும் குத்துச்சண்டைக் கையுறையையும் அதிகம் கொடுத்திருக்கிறது. கால்பந்தை நினைத்துப் பார்த்தது 2019இல் வந்த 'பிகில்'. ஆனால் வியாசர்பாடியில் கால்பந்து அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. 'குட்டி பிரேசில்' என்ற பட்டப்பெயர் பத்திரிகைக்காரர்கள் அடிக்கடி எழுதித் தேய்ந்துபோனதுதான், என்றாலும் பொய்யில்லை. உமாபதி, தங்கராஜ் ஆகியோர் தொடங்கிய அமைப்பு ஒன்று இங்குள்ள பிள்ளைகளுக்குப் பந்தாட்டத்தோடு மாலை நேரப் பாடமும் சொல்லித் தருகிறது. பந்தைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைப்பது அதன் வழி.

கட்டாந்தரையில், நெருக்கடியான இடத்தில், இருபது பேர் ஒரே பந்துக்கு முண்டும் ஆட்டத்தில் வளர்கிறவனுக்குச் சில விஷயங்கள் தானாகப் படியும். பந்தைக் காலோடு ஒட்டிவைத்திருப்பது ஒன்று. ஆளை எதிரே வரவிட்டுக் கடைசி நொடியில் திசை மாற்றுவது இன்னொன்று. நீளமான பாஸ், தலையால் முட்டுவது எல்லாம் பிறகு புல்தரையில் கற்றுக்கொள்ள வேண்டியவை. வியாசர்பாடியிலிருந்து மேலே போனவர்களில் நந்தகுமாருக்கு மூத்தவர் தனபால் கணேஷ். நடுக்கள வீரரான அவர் 2017-18 பருவத்தில் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் ஒரு கோலும் போட்டார். கணேஷுக்குச் சொந்த ஊர் அணியிலேயே இடம் கிடைத்தது. நந்தகுமாரின் பாதை வேறு.

சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17 பருவத்தில் ஐ-லீகில் நுழைந்தது. அந்த ஆண்டு அதன் ஆட்டங்கள் சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்தன. தேசிய அளவில் நந்தகுமாரை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அந்தப் பருவம். அடுத்த கோடையில், 2017 ஜூலையில், ஐ.எஸ்.எல். கழகங்கள் உள்ளூர் வீரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் டிராஃப்ட்டில் டெல்லி டைனமோஸ் அவரை எடுத்தது. அடுத்த இரண்டு பருவங்களிலும் டெல்லி பத்து அணிகளில் எட்டாவதாகத்தான் முடித்தது. 2019இல் அந்தக் கழகமே புவனேஸ்வருக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனபோது நந்தகுமாரும் கூடவே போனார்.

ஒடிசாவின் தொடக்க ஆண்டுகளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொரோனா காரணமாக ஆட்டங்கள் முழுவதும் கோவாவில், பார்வையாளர் இன்றி நடந்த 2020-21இல் அந்த அணி இருபது ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கடைசி இடத்தில் முடித்தது. கைதட்ட ஆளில்லாத மைதானத்தில், தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில், ஒரு விங்கர் என்னதான் செய்துவிட முடியும்?

திருப்பம் 2022-23இல் வந்தது. பயிற்சியாளர் ஜோசப் கொம்பாவ் மீண்டும் பொறுப்பேற்ற பருவம் அது. அதன் ஒரு துண்டு மட்டும் இங்கே போதும். 2022 நவம்பர் 18, கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம். இடைவேளையின்போது ஈஸ்ட் பெங்கால் 2-0 என முன்னிலை. இரண்டாம் பாதியில் ஒடிசா நான்கு கோல்களைத் திருப்பிக் கொடுத்து 4-2 என வென்றது, நான்காவது நந்தகுமாருடையது. அன்று வாயடைத்து உட்கார்ந்திருந்த ரசிகர்கள் பத்து மாதம் கழியும் முன் அதே காலுக்காகக் கூத்தாடப்போகிறார்கள். அந்தப் பருவத்தில் ஒடிசா முதன்முறையாக பிளே-ஆஃப் சுற்றைத் தொட்டது. பிறகு கிளிஃபோர்ட் மிராண்டாவின் பொறுப்பில் கேரளத்தில் சூப்பர் கோப்பை ஆடி, ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என வீழ்த்தியது. கழகத்தின் முதல் கோப்பை அது.

2023 ஜூனில், 27 வயதில், நந்தகுமார் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். விங்கருக்கு இது தாமதமான வயது. வேகத்தை நம்பிப் பிழைக்கும் இந்த இடத்தில் பலர் இருபத்திரண்டுக்குள் தேசிய அணியைப் பார்த்துவிடுகிறார்கள்.

அதே கோடையில் ஈஸ்ட் பெங்கால் அவரைச் சேர்த்துக்கொண்டது. உள்ளூர்ப் போட்டி அணியான மோகன் பகானுக்கு எதிரான டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் கடைசியாக வென்றது 2019 ஜனவரியில். அதன் பிறகு தொடர்ந்து எட்டுத் தோல்விகள். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் இரு அணிகளும் மோதின. அறுபதாவது நிமிடம். பந்து வலப்பக்கம் நந்தகுமாரிடம் வருகிறது; எதிரே அனிருத் தாபா. நந்தகுமார் கோட்டோரமாக ஓடப்போகிறவர்போல் உடலைச் சாய்த்து, சட்டென்று உள்ளே வெட்டி, இடக்காலால் வளைத்து அடிக்கிறார். கோல்கீப்பர் விஷால் கைத்தின் விரல்களைத் தாண்டித் தூரத்துக் கம்பத்தின் ஓரமாகப் பந்து வலைக்குள் போகிறது. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். வெட்டியதும் வளைத்ததும் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்கும். ஆளைச் சாய்த்த அந்த முதல் அசைவு தெருவில் கற்றது.

ஆகஸ்ட் 29 அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் 2-0 என முன்னேறியிருந்தது. ஈஸ்ட் பெங்கால் ஒரு கோலை மீட்டது. தொண்ணூறு நிமிடம் முடிந்தபின் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஏழாவது நிமிடத்தில் நந்தகுமார் தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டியில் அணி வென்றது. இறுதியில் மோகன் பகான் 1-0 எனப் பழிதீர்த்துக்கொண்டது. ஆனால் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது நந்தகுமாருக்கு வந்தது.

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் அவர் பெயர் இல்லை. அதே நாட்களில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை நடந்தது. டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் 3-1 என வென்றபோது அவர் ஒரு கோல் அடித்தார். ஜனவரி 28 இறுதி ஆட்டம் ஒடிசாவுக்கு எதிராக, அவர் முன்பு சொந்த மைதானமாக ஆடிய கலிங்கா அரங்கில். ஒடிசா முதலில் கோல் போட, 52ஆவது நிமிடத்தில் சமன் செய்தது நந்தகுமார். கூடுதல் ஆட்ட நேரத்தில் கிளெய்டன் சில்வாவின் கோலால் ஈஸ்ட் பெங்கால் 3-2 என வென்றது. 2012 ஃபெடரேஷன் கோப்பைக்குப் பிறகு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அக்கழகத்துக்குக் கிடைத்த முதல் தேசியக் கோப்பை அது. அடுத்த மாதம் லீகில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்ற ஓர் ஆட்டத்திலும் கோல் அவருடையதே. எதிரணி சென்னையின் எஃப்.சி.

2024-25 பருவம் கரடுமுரடாகத் தொடங்கியது. லீகின் முதல் ஆறு ஆட்டங்களையும் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. பயிற்சியாளர் கார்லெஸ் குவாத்ராத் விலகி ஆஸ்கர் புரூஸோன் வந்தார். இடையில் பூடானில் நடந்த ஏ.எஃப்.சி. சாலஞ்ச் லீகில் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸை 4-0 என வென்ற ஆட்டத்தில் நந்தகுமார் ஒரு கோல் போட்டார். அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஊர் திரும்பியதும் நவம்பர் 9 அன்று முகமதன் ஸ்போர்ட்டிங்கோடு ஆட்டம். அரை மணி நேரம் ஆவதற்குள் நந்தகுமாருக்குச் சிவப்பு அட்டை. அந்தச் சூடு ஆறும் முன் இன்னொரு விங்கர் நவரோம் மகேஷ் சிங்குக்கும் சிவப்பு அட்டை. இரண்டு பக்கமும் ஆளில்லாமல், ஒன்பது பேரோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தடுத்து ஆடிய ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை 0-0 என முடித்தது. அந்த லீகில் அணி எடுத்த முதல் புள்ளி அது. நந்தகுமார் அப்போது மைதானத்தில் இல்லை.