வீட்டு ஸ்டீரியோ: அமைப்பும் பழுதும் வளர்ந்த கதை

இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே, எதுவும் இல்லாத வெற்றிடத்தில், பாடகர் நின்று பாடுவதாகக் காதை நம்ப வைப்பதுதான் ஸ்டீரியோவின் வேலை. இதற்கான முழுமையான திட்டத்தை முதலில் எழுதியவர் ஈ.எம்.ஐ நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் புளூம்லைன். 1931 டிசம்பரில் லண்டனில் அவர் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பத்திலேயே, இரண்டு மைக்குகளை வைக்கும் முறையும் இரண்டு தடங்களை ஒரே பள்ளத்தில் பதியும் முறையும் இருந்தன. 1934-இல் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழுவின் ஒத்திகையை அவர் அந்த முறையில் பதிந்தும் பார்த்தார். ஆனால் அதைக் கேட்கும் கருவி எந்த வீட்டிலும் இல்லை. 1942-இல் ரேடார் சோதனையின்போது நடந்த விமான விபத்தில் புளூம்லைன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. ஸ்டீரியோ தட்டு கடைக்கு வர மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் வேறொரு பழக்கம் வேரூன்றியது. இசைத்தட்டுக் கருவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மூன்றையும் தனித்தனியே வாங்கியோ வீட்டிலேயே செய்தோ இணைத்துக்கொள்ளும் பழக்கம் அது. 1947-இல் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி.டி.என். வில்லியம்சன் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் ஆர்வலர்கள் சொந்தக் கையால் ஆம்ப்ளிஃபயர் கட்டினார்கள். 1953-இல் குவாட் II ஆம்ப்ளிஃபயரும், 1954-இல் கரார்ட் 301 டர்ன்டேபிளும் வந்தன. எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடைத்த ரேடியோகிராமில் ஒரு உறுப்பு கெட்டால் பெட்டி முழுவதும் ஊமையாகிவிடும். தனித்தனிக் கருவிகளில் கெட்டதை மட்டும் பிரித்தெடுக்கலாம். பழைய ஸ்டீரியோவை இன்றும் பழுதுபார்க்க முடிவதற்கு இந்தப் பழக்கமே முதற்காரணம்.

1958-இல் ஸ்டீரியோ தட்டு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் முன்வைத்து எல்லோரும் ஏற்றுக்கொண்ட வெட்டு முறை, புளூம்லைன் எழுதிவைத்ததை ஒத்ததே. V வடிவப் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 பாகை சாய்ந்திருக்கும். உட்சுவரில் இடதுபக்க ஒலி, வெளிச்சுவரில் வலதுபக்க ஒலி. இதனால் ஊசி பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழும் அசைய வேண்டியதாயிற்று. ஊசியின் அசைவை மின் அலையாக்கும் பழைய மோனோ (ஒற்றைத் தட) கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவைக் கண்டுகொள்வதில்லை. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அதையும் ஒலியாக மாற்றும். மோட்டாரின் அதிர்வில் பெரும்பகுதி மேல்கீழாகவே வருவதால், நேற்றுவரை அமைதியாகச் சுழன்ற டர்ன்டேபிள்கள் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் பொருத்தியதும் உறுமத் தொடங்கின. மோட்டார் அச்சுக்கும் தட்டுமேடைக்கும் நடுவே ரப்பர் சக்கரம் வைத்த வகைகளில் இந்த உறுமல் அதிகம். இதற்கு விடையாக 1961-இல் அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஒரு டர்ன்டேபிளைக் கொண்டுவந்தது. அதில் மோட்டார் தனியே இருந்தது. மேடையும் ஊசிக்கரமும் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரே சட்டத்தில் அமர்ந்தன. நடுவே ஒரு ரப்பர் பெல்ட் மட்டும். பெல்ட் டர்ன்டேபிள்கள் பல பின்னாளில் இந்த வழியைப் பின்பற்றின.

அறையிலும் சிக்கல் எழுந்தது. மோனோ காலத்தில் நல்ல ஆழ்ந்த ஒலிக்குப் பெரிய பெட்டி தேவை. பால் கிளிப்ஷ் 1940-களில் உருவாக்கிய ஸ்பீக்கர், சுவர்மூலையையே தன் கூம்பின் நீட்சியாகப் பயன்படுத்தியது. அப்படி ஒன்றை வைக்கப் பல வீடுகளில் ஒரு மூலை கிடைக்கும். கதவோ சன்னலோ குறுக்கிடாத இரண்டு மூலைகள், அதுவும் கேட்பவருக்கு நேர் எதிரே, அரிது. கிடைத்தாலும் அகலமான கூடத்தில் இரு மூலைகளுக்கும் நடுவே ஒலி ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அதை அடைக்க 1957-இல் கிளிப்ஷ் நடுவில் வைக்கும் மூன்றாவது ஸ்பீக்கரையே விற்றார். உண்மையான தீர்வு அதே அகூஸ்டிக் ரிசர்ச்சின் எட்கர் வில்ச்சரிடமிருந்து வந்தது. 1954-இல் அவர் வடிவமைத்த ஏ.ஆர்-1 முழுக்க அடைத்த பெட்டி. உள்ளே சிறைப்பட்ட காற்றே ஸ்பீக்கர் கூம்புக்கு ஸ்பிரிங்காக நின்றது. சிறிய பெட்டியிலிருந்து ஆழமான ஒலி வந்தபோதுதான் சாதாரண வீட்டில் ஸ்டீரியோ சாத்தியமாயிற்று.

பெட்டி சிறிதானதும் அதை எங்கே வைப்பது என்பது கேட்பவரின் பொறுப்பானது. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பது அன்று முதல் சொல்லப்படும் பொதுவிதி. சுவரை நெருங்கினால் தாழ்ந்த ஒலி கூடும், மூலையில் இன்னும் கூடும். டர்ன்டேபிளை ஸ்பீக்கர் நிற்கும் அதே பலகையில் வைத்தால் ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி ஊளையாக வளரும். ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகே வைத்தால் கார்ட்ரிட்ஜ் மின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். அறையை மாற்றி அடுக்கிய மறுநாள் எழும் புகார்களில் பல இந்த இரண்டு காரணங்களில் அடங்கிவிடும். மூன்றாவது காரணம் கம்பி. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த ஒலி மெலியும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

1970-களில் களம் ஜப்பானிடம் போனது. பயோனியர், சான்சுயி, கென்வுட், யமஹா போன்ற நிறுவனங்கள் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ரிசீவர்களைப் பெரும் அளவில் செய்தன. முகப்பு நிறையப் பித்தான்கள். அவற்றில் 'டேப் மானிட்டர்' என்பது பதிவாகிக்கொண்டிருக்கும் நாடாவை உடனுக்குடன் கேட்டுச் சரிபார்க்க வைத்தது. டேப் டெக் இல்லாத வீட்டில் அது தவறி அழுந்திவிட்டால் எந்தப் பக்கமும் சத்தம் வராது. செத்துப்போனதாக ஒதுக்கப்பட்ட ரிசீவர் அந்த ஒரு பித்தானால் உயிர்பெறுவதும் உண்டு. சில மாடல்களின் பின்புறம், முன்பகுதி ஆம்ப்ளிஃபயரையும் பவர் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் சிறு உலோகக் கொக்கிகள் இருக்கும். அவை தொலைந்தாலும் அதே மௌனம்தான்.

பழுது தேடும் கலைக்கு ஸ்டீரியோ தந்த பெரிய கொடை, ஒரே மாதிரியான இரண்டு பாதைகள். ஒரு பக்கம் ஊமையானால் மறுபக்கமே அளவுகோல். கருவியை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் கம்பிகளை இடவலமாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஊமைப்பக்கம் மாறாமல் அதே இடத்தில் இருந்தால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதன் கம்பியிலோ. எதிர்ப்பக்கம் தாவினால் ஸ்பீக்கர் நிரபராதி. அடுத்து டர்ன்டேபிளிலிருந்து வரும் கம்பிகளை மாற்றிப் பார்த்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகலாம். அக்காலப் பல ஆம்ப்ளிஃபயர்களில் இடவலத்தை மாற்றும் 'ரிவர்ஸ்' சுவிட்சே இருந்தது. மீட்டர் இல்லாத வீட்டிலும் பாதிப் பழுதை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

இரைச்சலுக்கும் மொழி உண்டு. வால்யூமைத் திருப்பும்போது கூடவே ஏறும் உறுமல் அதற்கு முந்தைய பகுதியிலிருந்து வருகிறது. டர்ன்டேபிளின் எர்த் கம்பி கழன்றிருப்பது வழக்கமான காரணம். வால்யூமுக்கு மசியாத உறுமல் பவர் ஆம்ப்ளிஃபயரையோ மின்வழங்கிப் பகுதியையோ சுட்டும். இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. எர்த் கோளாறின் உறுமல் அந்த 50-இல் தடித்துக் கேட்கும்; வடிகட்டும் கண்டென்சர் வற்றியிருந்தால் அதன் இரட்டிப்பான 100-இல் கேட்கும். அமெரிக்காவில் இவை 60-ம் 120-ம். இந்த வேறுபாடு டர்ன்டேபிளிலும் வெளிப்படும்: மின்சாரத்தின் இந்தச் சுற்றெண்ணிக்கையை ஒட்டி ஓடும் மோட்டார் கொண்ட அமெரிக்கக் கருவி, கப்பியை மாற்றாமல் இங்கே ஓடினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் ஏறத்தாழ 28 தான் சுற்றும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான கருவி 100 வோல்ட்டுக்கு உரியது. 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த செட்டுகளின் பின்புற வோல்ட்டேஜ் சுவிட்சைப் பார்க்காமல் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் பிளக்கைத் தொடாததற்கு இதுவே காரணம். நெடுநாள் கிடந்த ஆம்ப்ளிஃபயரைச் சீரீஸ் பல்பு வழியே முதலில் உயிர்ப்பிப்பதும் அவர்களது நல்ல வழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென எரியும், ஆம்ப்ளிஃபயர் தப்பிக்கும்.

எந்த ஆண்டின் கருவியோ அந்த ஆண்டின் பொருளுக்குரிய நோயே அதற்கு வரும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்வு தேயும், கண்டென்சர் கசியும். ஸ்பீக்கர் இணைக்காமல் உரக்க ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். 1970-களின் டிரான்சிஸ்டர் கருவிகளில் சுவிட்சும் வால்யூமும் துருவேறிக் கரகரக்கும். தொடர்புகளைத் துடைக்கும் திரவம் பெரும்பாலும் போதும். பவர் போட்ட சில விநாடியில் 'டிக்' என்று கேட்க வேண்டிய ரிலே கேட்காவிட்டால், வெளியீட்டில் நேர்மின்சாரம் கசிவதை உணர்ந்து அது ஸ்பீக்கரைக் காக்கிறது என்று கொள்ளலாம். ரிலேயைத் தாண்டி இணைப்புக் கொடுப்பது ஸ்பீக்கரைக் கொல்லும். 1970 வாக்கில் ஸ்பீக்கர் கூம்பின் விளிம்புக்குத் துணிக்குப் பதில் நுரைப்பஞ்சு பரவலாக வந்தது. 15, 20 ஆண்டுகளில் அது தானாகவே பொடிந்து உதிரும், ஈரக்காற்றில் இன்னும் விரைவாக. கூம்பும் சுருளும் நன்றாக இருந்தால் புது விளிம்பை ஒட்டி மீட்டுவிடலாம்.

1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. அதன் வெளியீடு ஏறத்தாழ 2 வோல்ட். கார்ட்ரிட்ஜ் தருவதோ சில மில்லிவோல்ட். தட்டில் தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்ததைக் கூட்டியும் பதிவார்கள், 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ வகுத்த அந்த அளவுகளைத் திருப்பிச் சரிசெய்வது ஆம்ப்ளிஃபயரின் 'ஃபோனோ' நுழைவாய். அதில் சிடியைச் செருகினால் ஒலி சிதறும். டர்ன்டேபிளை 'ஆக்ஸ்' நுழைவாயில் செருகினால் ஒலி மெலிந்து வெளிறும். தட்டு விற்பனை சரிந்ததும் பல ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து ஃபோனோ நீக்கப்பட்டது. அத்தகைய ஆம்ப்ளிஃபயருடன் பழைய டர்ன்டேபிளைச் சேர்க்கத் தனி ஃபோனோ பெட்டி வேண்டும்; எர்த் கம்பியும் அந்தப் பெட்டியிலேயே இணைய வேண்டும்.