டட்லியின் வயிறும் ஜிந்துப்பிட்டி வடையும்: எதிரணித் தலைவரை இகழும் அரசியல் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இலங்கையின் அண்மைக்கால அரசியல் வரலாற்றை எழுதியோர் உடன்படிக்கைகளுக்கும் சட்டங்களுக்கும் தேர்தல் முடிவுகளுக்கும் அளித்த கவனத்தை ஊர்வலக் கோஷங்களுக்கு அளித்தாரல்லர். சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மறந்துவிட்டவர்களுக்கும் கோஷம் நினைவிருக்கின்றது. 1965ஆம் ஆண்டில் டட்லி சேனநாயக்கா அமைத்த கூட்டரசாங்கத்துக்கு எதிராக எழுந்து, 1966 ஜனவரி 8ஆந் திகதி கொழும்பில் நடைபெற்ற ஊர்வலத்தோடு இணைத்து இன்றும் பேசப்படும் ‘டட்லிகே படே மசாலவடே’ என்ற சிங்களக் கோஷம் அத்தகையது. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்பது அதன் பொருள். ‘படே’யும் ‘வடே’யும் எதுகையாய் அமைந்து வாய்க்கு இதமாக உருளும் சொற்கள். அவற்றைக் கூவிய அணியில் இந்நாட்டின் இடதுசாரிக் கட்சிகளும் இருந்தன என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் எனவும் பழிகரப்பு எனவும் இருவகைப்படுத்துவர். முன்னது வெளிப்பட வைவது. பின்னது பழியை உள்ளே மறைத்து வைவது. இக்கோஷம் டட்லியைப் பொறுத்தவரை செம்பொருள் அங்கதமே. அவருக்கு வயிற்றுக் கோளாறு இருந்ததும், 1953இல் அவர் பிரதமர் பதவியைத் துறந்தபோது உடல்நலக் குறைவு காரணமாகக் கூறப்பட்டதும் நாடறிந்த செய்திகள். ஆனால் வடையைப் பொறுத்தவரை இது பழிகரப்பு. ஒருவர் வயிற்றில் வடை இருப்பது எவ்வாறு இழிவாகும்? காலிமுகத் திடலில் இறால் வடையைச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தள்ளுவண்டியின் முன் நின்றுதான் வாங்கி உண்கின்றனர். வடை என்றால் தமிழன், தமிழன் என்றால் ஏளனத்துக்குரியவன் என்ற இரண்டு எண்ணங்கள் கேட்போர் மனத்தில் ஏற்கெனவே குடிகொண்டிருந்தாலன்றி இக்கோஷத்துக்குச் சிரிப்பு வராது. கோஷம் அவற்றைச் சொல்வதில்லை. கேட்பவனே இட்டு நிரப்பிக்கொள்கின்றான். எனவே வசை யார்மீது விழுந்தது என்ற வினா எழுகின்றது. டட்லி பிரதமராகவே வீடு திரும்பினார். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில், துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்து சைவக்கடை வாங்கில் அமர்ந்து தேநீரும் வடையுமாய்ப் பசியாறிய தொழிலாளியே அவ்வசையைச் சுமந்தவன்.

தலைவர்களின் வயிற்றை எள்ளுவது புதிதன்று. தவறு என்றும் கூறவியலாது. பிரான்சில் லூயி பிலிப் மன்னனை இராட்சத உருவினனாக, ஏழைகள் கூடைகூடையாய்ச் சுமந்து வந்து கொட்டும் வரிப்பணத்தை விழுங்குபவனாக, ஒனோரே டோமியே 1831இல் வரைந்தார். அதன்பொருட்டு அடுத்த ஆண்டில் ஆறு மாதச் சிறைத்தண்டனைக்கு ஆளானார். அங்கும் தலைவனின் வயிறுதான் பொருள். ஆனால் அவ்வயிற்றினுள் இருப்பது யாருடைய உழைப்பு என்பதைச் சித்திரம் காட்டிற்று. அதனைக் கண்டு சிரித்தவன் தன் நிலையை உணர்ந்து சிரித்தான். டட்லியின் வயிற்றைப் பாடிய கோஷமோ பக்கத்துத் தெருக்காரனின் உணவைக் காட்டிற்று. இரண்டு வயிறுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அங்கதத்தின் வர்க்க உள்ளடக்கம் பற்றியது. இதனை வெறும் நாகரிகக் குறைவு என்று கண்டிப்போர் பிரச்சினையின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றனர்.

இந்நாட்டு இடதுசாரிகள் டோமியேயின் வழியை அறியாதவர்களல்லர். 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அப்போதும் பிரதமர் டட்லியே, நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. ஆகஸ்ட் 12ஆந் திகதிய ஹர்த்தாலின்போது அமைச்சரவை தரையில் கூட அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில் அக்கப்பல் நின்றது. டட்லி என்ற தலைவரின் படிமம் அன்று சிதைந்தது, சிதைத்தவர்கள் இடதுசாரிகள். அதற்கு அவர்களுக்கு எவருடைய மொழியும் உணவும் தேவைப்படவில்லை. மக்களின் வயிறே போதுமானதாயிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் மக்களின் வயிறு மறைந்து டட்லியின் வயிறு முன்வந்தது எவ்வாறு?

இதனை விளங்கிக்கொள்ள இன்னும் இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஏனெனில் இவ்வாயுதத்தின் முதற் பலிகளுள் இடதுசாரிகளே அடங்குவர். 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தை நிறுவி, 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தை முன்னெடுத்த ஏ. ஈ. குணசிங்கா, கொழும்புத் தொழிலாளரின் முதற் பெருந்தலைவர். அப்பெருமையை எவரும் மறுக்கமுடியாது. எனினும் பொருளாதார மந்தமும் வேலையில்லாமையும் வந்தபோது அவர் முதலாளியை விட்டு மலையாளித் தொழிலாளியைச் சாடலானார். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆலைத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் இந்தியர். அவர்களுக்குத் தலைமை தாங்க வந்தவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளம் மார்க்சியர். இரண்டு ஆண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தோர் இவர்களே. குணசிங்கா அவ்வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். புதிய தலைமையை மதிப்பிழக்கச் செய்ய அவர் கையாண்ட வழி, அது அந்நியருக்குத் துணைபோகும் தலைமை எனக் காட்டுவதாகும். அவருடைய ‘வீரய’ பத்திரிகை மலையாளி எதிர்ப்பைத் தொடர்ந்து வளர்த்தது. எதிரணித் தலைவரை அவர் சார்ந்த வர்க்கத்தாலன்றி அவரைச் சார்ந்த சிறுபான்மையினரால் அடையாளப்படுத்தும் உத்தி கொழும்புத் தொழிலாளர் அரசியலில் இவ்வாறு வேரூன்றியது.

இருந்தும் அவ்வுத்தி உடனடியாக வெற்றிபெறவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது. துறைமுகத்தையும் ஜிந்துப்பிட்டிச் சூழலையும் அண்டிய கொழும்பு மத்தி 1947இல் மூவரைத் தெரிவுசெய்யும் தொகுதியாக இருந்தது. அத்தேர்தலில் குணசிங்காவும் டி. பி. ஜாயாவும் வென்றனர், அவர்களோடு கம்யூனிஸ்டான பீற்றர் கெனமனும் வென்றார். பறங்கியரான கெனமன் முப்பது ஆண்டுகள் அத்தொகுதியில் நிலைத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் கலந்து வாழும் பகுதியில் தொழிலாளி என்ற அடையாளம் வாக்குச் சீட்டிலேனும் செல்லுபடியாயிற்று.

1956ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரசாரக் கலை புதிய கட்டத்தை எட்டியது. ஐக்கிய பிக்கு முன்னணி வெளியிட்ட ‘மாரயுத்தம்’ என்ற சுவரொட்டி அரசியற் கேலிச்சித்திர வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது. சேர் ஜோன் கொத்தலாவலை தம் கட்சிச் சின்னமாகிய யானைமீது ஏறி, புத்தர் சிலையை நோக்கி ஈட்டியை நீட்டுகின்றார். கொல்லப்பட்ட கன்றும் மேனாட்டுக் களியாட்டமும் அவரைத் தொடர்கின்றன. ஆளும் வர்க்கத்தின் உல்லாச வாழ்வைச் சாடும் நியாயமான கோபம் அச்சித்திரத்தில் உண்டு. ஆனால் அக்கோபம் மதப்போரின் கோலம் பூண்டது. பிரதமர் சுரண்டுபவர் என்பதால் அல்ல, மாரன் என்பதால் வீழ்த்தப்படவேண்டியவரானார். சேர் ஜோன் 1954இல் யாழ்ப்பாணத்தில் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வழங்குவதாக வாக்களித்து, 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்ற கொள்கைக்கு மாறியவர். அம்மாற்றமும் அவரைக் காப்பாற்றவில்லை.

அதன் பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறிவிடலாம். அவை ஒன்றையொன்று நகலெடுத்தவை. 1957இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, நாட்டைத் தமிழருக்கு விற்றுவிட்டார் என்று ஐக்கிய தேசியக் கட்சி முழங்கியது. ஜயவர்த்தனா கண்டிக்குப் பாதயாத்திரை தொடங்கினார். எதிர்த்தோருள் டட்லியும் ஒருவர். 1960 ஜூலைத் தேர்தலில் தமிழரசுக் கட்சியோடு இரகசிய உடன்பாடு எனச் சிறிமாவோ பண்டாரநாயக்கா தாக்கப்பட்டார். 1965 மார்ச்சில் 66 ஆசனங்களை மாத்திரம் பெற்ற டட்லி, தமிழரசுக் கட்சியின் 14 உறுப்பினரது ஆதரவை நாடிச் செல்வநாயகத்தோடு உடன்பட்டபோது, அதே குற்றச்சாட்டு அவர்மீது திரும்பியது. எறிந்தவர் பக்கமே திரும்பி வந்த கல் இது. கல்லை எடுத்துக் கொடுத்தோரிற் சிலர் மட்டும் புதியவர்கள்.

அவர்கள் இடதுசாரிகள். 1955இல் மொழிச் சமத்துவத்துக்காகக் கொழும்பு நகர மண்டபத்தில் கூட்டம் நடத்தி வன்முறைக் கும்பலின் தாக்குதலுக்கு உள்ளான கட்சி சமசமாஜக் கட்சி. ஒரு மொழியெனில் இரு நாடுகளும், இரு மொழிகளெனில் ஒரு நாடுமே எஞ்சும் என்று 1956இல் எச்சரித்தவர் கொல்வின். அதே ஆண்டில் பருத்தித்துறை வாக்காளர் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். இத்தகைய மரபினர், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆக்கப்பட்ட தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்துக்கு வந்த 1966 ஜனவரி 8ஆந் திகதி, சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து அவற்றுக்கெதிராகத் தெருவில் இறங்கினர். கொள்ளுப்பிட்டியில் பொலிசார் சுட்டதில் தம்பராவே ரத்னசார என்ற இளம் பிக்கு உயிரிழந்தார். அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. அவ்விதிகளோ தமிழுக்குச் சம அந்தஸ்து எதனையும் அளித்தவையல்ல. வடக்கு கிழக்கு நிருவாகத்தில் வரையறுக்கப்பட்ட சில உபயோகங்களையே அனுமதித்தன.

கோஷம் கூட்டத்தில் தானாகப் பிறந்தது, கட்சிகளின் மத்திய குழு அதனைத் தீர்மானிக்கவில்லை என்று சமாதானம் கூறுவோர் உளர். இருக்கலாம். ஆனால் ஊர்வலத்தின் நோக்கமே அக்கோஷத்துக்கு இடம் சமைத்தது. மேலும், கலந்துகொள்ளாமலிருப்பது அன்று சாத்தியமற்றதாயிருக்கவில்லை. 1964இல் கூட்டரசாங்கத்தை எதிர்த்துப் பிரிந்த எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு ஆகியோரின் அணியும், சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகளும் விலகியே நின்றனர். சென்றவர்களை அழைத்துச் சென்றது சிங்களத் தொழிலாளியின் இயல்பான இனவெறி என்பது வசதியான பொய். பாராளுமன்றப் பெரும்பான்மைக்குச் சுதந்திரக் கட்சியின் வாக்குவங்கியை நம்பியிருந்த கூட்டணித் தந்திரமே அவர்களை அழைத்துச் சென்றது. அதே ஆண்டு டிசம்பரில் டட்லி அரசாங்கம் வாராந்த அரிசிப் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைத்தது. வயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான விடயம் வேறில்லை. 1970ஆம் ஆண்டு வெற்றியில் அரிசி பற்றிய வாக்குறுதிக்குப் பெரும் பங்கு இருந்தது. வடைக் கோஷம் இல்லாமலும் வென்றிருக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் வாசகர் இதனைப் பிறர் குற்றமாக மட்டும் படித்து மனநிறைவு கொள்ளலாகாது. 1948இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தது முதல், ‘துரோகி’ என்ற சொல் தமிழ்த் தேர்தல் மேடைகளின் நிலையான அணியாயிற்று. எதிரணியினரின் வர்க்கச் சார்பையோ வேலைத்திட்டத்தையோ ஆராயவேண்டிய தேவையை அச்சொல் போக்கிற்று. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா மேடைகளில் பலகாலம் அப்பெயரால் குறிக்கப்பட்டு, 1975 ஜூலை 27ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மேடைகளின் முதன்மைப் பேச்சாளராயிருந்த அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13ஆந் திகதி கொழும்பில் கொல்லப்பட்டபோது அதே சொல் அவர்மீது சூட்டப்பட்டிருந்தது. தென்னிலங்கையிலும் இச்சொல்லின் வரலாறு வேறன்று. 1982இல் ‘நக்சலைட்’ என முத்திரை குத்தப்பட்டுச் சிறைவைக்கப்பட்ட விஜய குமாரதுங்க, இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்த துரோகியாகச் சித்திரிக்கப்பட்டு 1988 பெப்ரவரியில் கொலையுண்டார்.

நக்சலைட் கதையைக் கட்டியது ஆளுங்கட்சி. அரச இயந்திரம் கைவசமிருக்கும்போது கேலிச்சித்திரமும் கோஷமும் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை 1980இல் பாராளுமன்றத் தீர்மானமே பறித்தது. 1977இல் சமசமாஜ, கம்யூனிஸ்டுக் கட்சிகள் ஓர் ஆசனத்தையும் பெறவில்லை. கொழும்பு மத்தியில் கெனமனும் தோற்றார். குணசிங்காவின் தொழிற்கட்சியில் அரசியல் பயின்ற ஆர். பிரேமதாசாவின் கோட்டையாயிற்று அத்தொகுதி. ஜிந்துப்பிட்டித் தமிழ்த் தொழிலாளி ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்களித்தமையை அவனது அரசியல் உணர்வின்மையாகக் கணிக்கும் நம் தோழர் சிலர், 1966இல் அவன் எதனைக் கேட்டான் என்பதைக் கணக்கிற் கொள்வதில்லை.

1983 ஜூலையில் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் எரிந்தன. தெருவில் மறிக்கப்பட்டவர்கள் வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்குமாறு பணிக்கப்பட்டனர். உணவால் அடையாளங் காணப்பட்டவன் இப்போது நாவால் அடையாளங் காணப்பட்டான். சில நாள்களுள் ஜயவர்த்தனா அரசாங்கம் வன்செயல்களுக்கு இடதுசாரிச் சதியே காரணமெனக் கூறி, கம்யூனிஸ்டுக் கட்சியையும் நவ சமசமாஜக் கட்சியையும் மக்கள் விடுதலை முன்னணியையும் தடைசெய்தது. ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. இரத்மலானை விமானநிலையக் கொட்டகையிலும் பாடசாலை முகாம்களிலும் தங்கியிருந்த அகதிகள் அவ்வறிவிப்பை வானொலியிற் கேட்டிருப்பர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் தெருவோரம் ஒதுங்கி நின்று அந்தச் சிவப்புக் கொடிகளையும் வடைக் கோஷத்தையும் பார்த்தவர்களும் கேட்டவர்களும் அவர்களிடையே இருந்திருப்பர்.