பனமலையில் ஒரு குடை

செஞ்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையைப் பார்த்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை வாசலில் காக்க வைத்த கோட்டையல்லவா? 2025-ல் யுனெஸ்கோவும் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் அதைச் சேர்த்துவிட்டது. இனிக் கேட்பானேன்!

நான் போனதும் கோட்டைக்காகத்தான். வெகு நாளாகப் பாக்கி நிற்கும் ஒரு சரித்திரக் கதைக்கு ராஜாராமும் ஜுல்பிகர் கானும் எனக்குத் தேவைப்பட்டார்கள். கூட வந்த நண்பர்தான், "பனமலைக்கு வாருமையா, ஒரு பெண்ணைக் காட்டுகிறேன்" என்றார். கதை எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் வராமல் என்ன செய்வான்?

ஏரியை ஒட்டிய சிறு குன்றின் மேல் கோயில். சுவாமி பெயர் தாலகிரீசுவரர். தாலம் என்றால் பனை. கிரி என்றால் மலை. பனம்பழத்தை வெள்ளித் தட்டில் வைத்தது போல் யாரோ ஒரு பண்டிதர் செய்த வேலை.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயில் இது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டியதே. அந்த மகாராஜாவுக்கு ஒரு சபலம் உண்டு: பட்டப் பெயர்! காஞ்சியில் சிற்றாலயங்களின் சுவர்களில் அவன் வெட்டுவித்த பட்டங்கள் இருநூற்றுக்கு மேல். போரில் வென்றவன் என்று ஒன்று, வாத்தியத்தில் வல்லவன் என்று ஒன்று. இந்தக் காலத்து வரவேற்பு வளைவில்கூட அத்தனைக்கு இடம் கிடையாது.

பெண் இருந்தது வடபுறத்துச் சிற்றறையில். இருட்டு கண்ணுக்குப் பழகச் சற்று நேரமாயிற்று. முதலில் தெரிந்தது குடை. பிறகு மகுடம், அதன் கீழே ஒரு பக்கமாய்ச் சாய்ந்த முகம். பார்வதி ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறாள். பரமசிவனின் தாண்டவத்தைப் பார்க்கிறாளாம். அவரைத் தேடினேன். சுண்ணம் உதிர்ந்து, மங்கலான சில கோடுகள்தாம் மிச்சம். ஆட்டம் போய்விட்டது, பார்க்க வந்தவள் மட்டும் ஆயிரத்து முந்நூறு வருஷமாக அசையாமல் நிற்கிறாள். அந்த முகத்தில் இருப்பது வியப்பா, அல்லது "இந்த மனிதர் எப்போதுதான் ஓய்வாரோ?" என்ற அலுப்பா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. சம்சாரிகள் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

மறந்துவிடப் போகிறோமே என்று குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தேன். கூட நின்ற பெரியவர் பதறிப்போனார்.

"ஐயா, செவுத்துல ஒண்ணும் எழுதிடாதீங்க!"

"பயப்படாதீர், இவர் எழுத்தாளர்" என்றார் நண்பர்.

"அதனாலதாங்க சொல்றேன்!"

எனக்குச் சற்று ரோஷம்தான். "பேர் போட நான் சின்னப் பையனா?" என்றேன்.

"பெரியவங்கதாங்க ஜாஸ்தி போடறாங்க" என்றார் அவர். ராஜசிம்மன் ஞாபகம் வந்து, நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இதை எழுதினவர் யார், தெரியுமா?" என்று பிறகு கேட்டேன். ஓவியத்தையும் எழுதுவது என்றுதானே தமிழில் சொல்கிறோம்?

பெரியவர் சுவரைக் கூர்ந்து பார்த்தார். "அவரு பேரே போடலீங்களே!" என்றார்.

இறங்கி வரும்போது ஏரியில் வெயில் சாய்ந்திருந்தது. ஜுல்பிகர் கானைப் பற்றி அன்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.